கைகுலுக்கும் சனிக்கிழமை

சட்டையின் கழுத்துப் பொத்தான் முறை வரும்போது ஏமஸ் ஹாஸ்லம் முகவாயைத் தூக்கிக் கூரையைப் பார்ப்பான். லெட்டி நுனிக்காலில் எம்பி அதை மாட்டிவிடுவாள். நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம் அவன். ஊரே பெயர் சொல்லிக் கத்துகிற கோல்கீப்பர். சனிக்கிழமைதோறும் சமையலறை நடுவில் இரண்டு கைகளையும் தொங்கவிட்டுக்கொண்டு மனைவி முன்னால் இப்படித்தான் நிற்பான். பொத்தான்கள் முடிந்ததும் அடுப்போர நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவான். பூட்ஸ் கயிறு கட்டுவதும் அவள் வேலைதான். அவள் நெசவுக்காரி, அவள் போட்ட முடிச்சு ஆட்டம் முடிகிறவரை அவிழாது.

"இறுக்கமா இருக்கா?"

"ரத்தம் நின்னுபோச்சு புள்ள. சரியாத்தான் இருக்கு."

பிறகு தடித்த கம்பளிச் சட்டை தலைவழியாக இறங்கும். அதன்மேல் பழைய கோட்டு. தெருவைத் தாண்டினால் மைதானத்தின் கேட்டு. மற்ற ஆட்டக்காரர்கள் பெஞ்சும் ஆணியும் உள்ள அறையில் உடை மாற்றுவார்கள். ஹாஸ்லம் மட்டும் வீட்டிலிருந்தே பூட்ஸ் ஆணிகள் கல்தரையில் உரச நடந்து வருவான். அது அவனுடைய ராசி என்று ஆல்டன்ஷா என்ற அந்த இங்கிலாந்துப் பஞ்சாலை ஊர் முழுக்க நம்பிக்கொண்டிருக்கிறது. கேட்டால், "அந்த ரூம்புல நாத்தம்யா. பெர்ட் கிளெக்கோட காலுறையை நீ மோந்து பாத்திருக்கியா?" என்பான். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு பொத்தானைத் துளைக்குள் தள்ள அவன் விரல்களால் முடியாது என்ற சங்கதி லெட்டி ஒருத்திக்குத்தான் தெரியும்.

வலது கைதான் மோசம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்குவதில்லை. காய்ந்த குச்சிகள் மாதிரி சற்று வெளிப்பக்கம் திரும்பி நிற்கும். கட்டைவிரல் பாதி தூரம் வந்து நின்றுவிடும். மழையில் ஊறிக் கல்லாகிப்போன பந்துகளும், பந்தென்று நினைத்து எதிராளிகள் உதைத்த உதைகளும் சேர்ந்து செய்த வேலை. உடைந்த விரல்களுக்கு அவன் பெயர் வைத்திருக்கிறான். உடைத்தவர்களின் பெயரேதான். சுண்டுவிரல் வால்ட்டர், மோதிரவிரல் டிக். காலையில் கண் விழித்ததும் போர்வையிலிருந்து கையை வெளியே எடுத்துப் பார்த்து, "வால்ட்டர் முறுக்கிக்கிட்டு இருக்கான். இன்னிக்கு மழைதான்" என்பான். ஆல்டன்ஷாவில் வால்ட்டர் சொல் அநேகமாகப் பலித்துவிடும். பலித்தாலும் பலிக்காவிட்டாலும், கல்யாணத்துக்கு அத்தை கொடுத்த கறுப்புக் குடை இல்லாமல் லெட்டி வாசல் தாண்டமாட்டாள்.

சாயங்காலம் தேநீர்ப் பாத்திரங்களைக் கழுவி வைத்தபிறகு உப்பும் காடியும் கலந்த வெந்நீர்ச் சட்டியில் அவன் கையை வைப்பான். அவள் ஒவ்வொரு விரலாகப் பிடித்து மடக்கிப் பார்ப்பாள். டிக் முன்பெல்லாம் கொஞ்சம் அசைந்து கொடுப்பான். இந்தக் குளிர்காலத்திலிருந்து அவனும் வால்ட்டர் பக்கம் சேர்ந்துகொண்டான்.

பந்தைப் பிடிக்க முடியாத ஆள் கோலில் நின்று என்ன செய்வான்? குத்துவான். இரண்டு பருவங்களாக ஏமஸ் அநேகமாக எல்லாப் பந்தையும் குத்தியே அனுப்புகிறான். மடங்குகிற விரல்களை மட்டும் மடக்கி, இரண்டு முஷ்டிகளையும் ஒட்டி வைத்து, ஆட்கள் தலைக்கு மேல் எழும்பி ஒரு குத்து விட்டால் பந்து மைதானத்தின் நடுவில் போய் விழும். பத்திரிகைக்காரன் ஒருவன் அவனை 'ஆல்டன்ஷாவின் சம்மட்டி' என்று எழுதிவிட்டான். அதிலிருந்து தெருப் பிள்ளைகள் கந்தல் துணிப் பந்தைக்கூடக் குத்தித்தான் விளையாடுகிறார்கள். முடியாமல் செய்வது ஊருக்குப் பாணியாகத் தெரிந்தது. லெட்டி அதைக் கேட்டுக்கொண்டு தறிக்குப் போய் வந்தாள்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் பக்கத்து வீட்டு நெல்லி கிளெக், பெர்ட்டின் பெண்டாட்டி, கொல்லைச் சுவருக்கு மேலாக ஓர் ஆரஞ்சுப் பழத்தை வீசினாள். "ஏமஸ் அண்ணே, பிடி!" ஏமஸின் முஷ்டி தானாக எழுந்தது. பழம் எதிர்ச்சுவரில் மோதிச் சிதறி வழிந்தது.

நெல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பழத்தைக் குடுத்தா சாறாப் பிழிஞ்சு திருப்பிக் குடுக்குதே இந்த மனுஷன்! லெட்டிக்கா, வீட்டுல கோப்பை எதாவது மிச்சம் இருக்கா?"

"இருக்கு, இருக்கு. அதையெல்லாம் நான்தான் கையில எடுத்துக் குடுப்பேன்" என்றாள் லெட்டி. அவள் சொன்னது நிஜம். ஏமஸும் சேர்ந்து சிரித்தான், கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு.

அவன் பேச்சு எப்போதும் அப்படித்தான், பாதி சிரிப்பும் பாதி சலிப்புமாக இருக்கும். கோல்கீப்பருக்குத் தனி நிறச் சட்டை வேண்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து அதைப் பற்றி அவன் புலம்பாத வாரம் கிடையாது. "முன்னெல்லாம் எல்லாருக்கும் ஒரே கலரு. தோத்தா கூட்டத்தோட கூட்டமா தலையைக் குனிஞ்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிடலாம். இப்ப செவப்புச் சட்டை போட்டு நிக்கவச்சிருக்கானுங்க. எவன் மேல காறித் துப்பணும்னு கண்ணு தெரியாதவனுக்குக்கூடத் தெரியும்." கோல் விழுந்தால் பந்தைத் திரும்பிப் பார்க்கமாட்டான். முன்னாலேயே பார்த்துக்கொண்டு, கையைப் பின்னால் நீட்டி, வலையில் தடவி எடுப்பான். "உள்ள போனது போயிடுச்சு. அது மூஞ்சியை வேற பாக்கணுமா?"

ஆனால் சம்மட்டி என்ற பெயர் வருவதற்கு முன்னால் ஏமஸ் ஹாஸ்லத்தைப் பார்க்க அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் ரயிலேறி வந்தது வேறொன்றுக்காக. அந்த நாளில் கோல்கீப்பர் தன் பாதி மைதானம் முழுக்கப் பந்தைக் கையால் தொடலாம். எடுத்துக்கொண்டு நடக்கத்தான் கூடாது, தட்டிக்கொண்டே போகலாம். ஏமஸ் பந்தைப் பிடித்ததும் உள்ளங்கையில் தட்டித் தட்டி, நெஞ்சை நிமிர்த்தி, இடிக்க வந்தவர்களைத் தோளால் தள்ளிக்கொண்டு நடுக்கோடு வரைக்கும் ஓடுவான். பின்னாலேயே கூட்டத்தின் இரைச்சல் ஒரு அலை மாதிரி கூட வரும். அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் லெட்டி அவனைக் கட்டிக்கொண்டாள் என்று தறிக்கூடத்தில் இன்னும் கேலி செய்கிறார்கள். அவளும் மறுப்பதில்லை.

1912ஆம் வருஷக் கோடையில் ஆட்டச் சட்டம் போடுகிற பெரியவர்கள் கூடி அந்த ஓட்டத்தை எடுத்துவிட்டார்கள். இனிமேல் கோலுக்கு முன்னால் சுண்ணாம்பில் போட்டிருக்கும் பெரிய கட்டத்துக்குள் மட்டும்தான் கை. கட்டத்தைத் தாண்டினால் கோல்கீப்பர் கையும் குற்றம்தான். விசில் ஊதிப் பந்தை எதிராளிக்குக் கொடுத்துவிடுவார்கள். பயிற்சிக்காரர் வந்து சொன்னபோது ஏமஸ், "சரி, கோடு போட்டுட்டானுங்க. ஆட்டுக்குட்டி மாதிரி உள்ளேயே மேயுறேன்" என்று மட்டும் சொன்னான்.

சொன்னதோடு சரி, கால் மறக்கவில்லை. செப்டம்பர் மாதத்தில், எப்போதாவது கையில் தங்கின பந்தோடு, இரண்டு மூன்று தடவை கோடு வரைக்கும் போய் நின்று திரும்பினான். கோலுக்குப் பின்னால் நிற்கும் டோபிதான் அவனைக் காப்பாற்றினான். டோபி கடைத்தெருவில் மாட்டுக்குடல் விற்பவன். வாராவாரம் அதே இடத்தில் நின்று ஆட்டம் முழுக்க ஏமஸோடு சண்டை போடுவான்.

"கோடு, ஏமஸ், கோடு! கண்ணை எங்க அடகு வச்சுட்டு வந்த?"

"உன் கடைக் குடலைத் தின்னுட்டு வந்தா கண்ணு எப்படித் தெரியும்?"

பிப்ரவரியில் மார்ச்சளி டோபியைக் கொண்டுபோய்விட்டது. சவப்பெட்டியின் ஒரு முனையை ஏமஸ்தான் தோளில் சுமந்தான், இடது தோளில். அதன்பிறகு அந்த இடத்தில் நிற்பவர்கள் அவனோடு பேசுவதில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை என்று லெட்டி நினைத்தாள். பந்து கையில் தங்கினால்தானே அதைக் கொண்டு ஓடுவதற்கு?

லெட்டி ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. பக்கவாட்டில் வேலியோரம் பெண்களோடு நின்று அவன் கைகளையும் உதடுகளையும் பார்ப்பாள். ஆல்டன்ஷா பஞ்சாலையில் வேலை செய்த எவருக்கும் உதடு படிக்கத் தெரியும். தறிகள் ஓடும்போது காதருகில் கத்தினாலும் கேட்காது. அங்கே சத்தமே இல்லாமல் வாயசைத்துத்தான் வம்பும் வழக்கும் கல்யாணப் பேச்சும் நடக்கும். ஏமஸும் பந்துக்குப் போவதற்கு முன் நெசவாளிதான். கோலில் நின்றபடி அவன் அவளோடு பேசுவான். 'டிக் வலிக்கிறான்.' 'இந்தத் தடியன் வேணும்னே இடிக்கிறான்.' 'ராத்திரிக்கு என்ன?' இரைச்சலுக்கு நடுவில், சுற்றி நிற்கும் ஒருவருக்கும் தெரியாமல், அவளும் வாயசைப்பாள். 'உருளைக்கிழங்கும் கறியும். முன்னால பாரு.'

ஏப்ரல் பிறந்துவிட்டால் அந்தப் பேச்சு குறைந்துவிடும். ஏப்ரலின் கடைசிச் சனிக்கிழமைதான் கைகுலுக்கும் சனிக்கிழமை.

அது ஆல்டன்ஷாவுக்கு மட்டும் உள்ள வழக்கம். கிளப்பின் தலைவர் தார்ன்பர். பஞ்சாலை முதலாளியும் அவரே. பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் வெளியே வரும் கதவின் பக்கத்தில், கல்பாவிய முற்றத்தில், தொப்பியோடு வந்து நிற்பார். ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். யாருக்கு அவர் கை கொடுக்கிறாரோ அவன் அடுத்த பருவமும் இருக்கிறான். யாருக்கு வெறுமனே தலையாட்டுகிறாரோ அவன் போகலாம். ஒரு வார்த்தை கிடையாது. பெண்டாட்டிகளும் தெருக்காரர்களும் சுவரோரம் நின்று பார்ப்பார்கள். போன வருஷம் இடதுபக்கம் ஓடும் சிட் தலையாட்டு வாங்கினான். மறுநாள் காலையில் அவன் வீட்டுச் சன்னலில் திரைச்சீலை இல்லை.

தார்ன்பர் சும்மா கை கொடுக்கிறவரும் இல்லை. தறி மெக்கானிக்காக இருந்து மேலே வந்தவர். கையைப் பிடித்து நெரித்துப் பார்ப்பார். "புடியை வச்சே ஆளைச் சொல்லிடுவேன்" என்பது அவர் பெருமை. லெட்டிக்குத் தூக்கம் போனது அதனால்தான். அவர் கை கொடுக்காவிட்டால் வேலை போச்சு. கொடுத்தால், வால்ட்டரும் டிக்கும் அவர் உள்ளங்கைக்குள் மாட்டிக்கொள்வார்கள். விஷயம் வெளியே வந்துவிடும்.

வேலை போனால் வீடும் போகும். வீடு கிளப்புடையது. தறிக்குத் திரும்பலாம் என்றால், அறுந்த நூலில் முடிச்சுப் போட முடியாத கையை எந்த மேஸ்திரி உள்ளே விடுவான்? மிச்சமிருப்பது ரோச்டேலில் மகள் வீட்டு மாடியறை. மருமகன் ஹெர்பர்ட் கரி வியாபாரி, நல்லவன்தான். சோறு போடுவான். போட்டேன் என்று ஒவ்வொரு வேளையும் சொல்லவும் செய்வான்.

அந்த வாரம் சாயங்காலங்களில் வெந்நீர்ச் சட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, லெட்டி அடுப்புக்கு முன்னால் விறைப்பாக நின்றாள்.

"நான்தான் தார்ன்பர் முதலாளி. வா."

"முதலாளிக்கு மீசை உண்டு."

"வாயை மூடிட்டுக் கையைக் குடு."

அவன் கொடுத்தான். அவள் முகத்தைச் சுளித்தாள். "செத்த மீனைப் புடிச்ச மாதிரி இருக்கு. வேண்டாம். விரலைக் குடுக்காத. உள்ளங்கையை நேரா உள்ள தள்ளு. அவரு அமுக்கறதுக்கு முன்னாடி நீ அமுக்கிடணும்."

"வால்ட்டரை எங்க வைக்கிறது?"

"அவரு மணிக்கட்டுப் பக்கமா நீட்டிக்கோ. பாசமாப் புடிக்கிற மாதிரி இருக்கும்."

"தார்ன்பரை நான் பாசமாப் புடிச்சா அவரு போலீஸைக் கூப்புடுவாரு புள்ள."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு மறுபடியும் ஆரம்பித்தார்கள். கதவுக்கு வெளியே போய் உள்ளே வருவான். இரண்டடி தூரத்திலேயே கையை நீட்டிவிடுவான். சுட்டுவிரலும் நடுவிரலும் இறுக, உள்ளங்கை அறைந்து ஒட்ட, ஒரே குலுக்கு, உடனே விடுவிப்பு. முந்திக்கொண்டு கை நீட்டுவதுதான் சூட்சுமம் என்று அவள் கண்டுபிடித்தாள். வியாழக்கிழமை அது சரியாக வந்தது. சரியாக வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, நான்கு தறி ஓட்டும் தன் கையின் பலம் முழுவதையும் வைத்து நெரித்தாள். அவன் முகம் அசையவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் நிறைந்தது.

"வலிச்சுதா?"

"முதலாளி அப்படியெல்லாம் கேப்பாரா?"

சனிக்கிழமை காலையில் அவன் போர்வையிலிருந்து கையை எடுத்துப் பார்த்தான். "வால்ட்டர் தூங்குறான். இன்னிக்கு ஒரு பொட்டு விழாது" என்றான். அன்றைய வானம் ஆல்டன்ஷாவுக்குப் பழக்கமில்லாத நீலமாக இருந்தது. ஆலைப் புகைகூட நேராக மேலே போயிற்று. லெட்டி பொத்தானை மாட்டினாள், கயிற்றைக் கட்டினாள், குடையை எடுத்துக்கொண்டாள்.

எதிராளிகள் மலைக்கு அந்தப்பக்கத்து யார்க்‌ஷயர்காரர்கள். தோளில் எலும்புக்குப் பதில் தண்டவாளம் வைத்திருப்பவர்கள் போல இடித்தார்கள். ஏமஸ் குத்தினான். குத்திக்கொண்டே இருந்தான். ஒருவன் முழங்கையால் விலாவில் கொடுத்தான். ஏமஸ் எழுந்து மூச்சு வாங்கிவிட்டு, அவளைப் பார்த்து வாயசைத்தான்: 'ராத்திரிக்கு என்ன?'

'முன்னால பாரு.'

இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் ஆட்டம் முடியும் தறுவாயில் இருந்தது. அது போதும். ஒரு கோலும் விடாத ஆளுக்குத் தார்ன்பர் தலையாட்டமாட்டார் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். நெல்லி லெட்டியின் முழங்கையைப் பிடித்து, "இன்னும் கொஞ்சம்தான்கா. அண்ணன் கையில வெண்ணெய் தடவினாலும் இனி ஒண்ணும் ஆகாது" என்றாள்.

அப்போது ஒரு பந்து உயரமாக வந்தது. இரண்டு யார்க்‌ஷயர்காரர்கள் அதன் கீழே ஓடி வந்தார்கள். ஏமஸ் முஷ்டிகளைச் சேர்த்து எழும்பினான். வெயில் கண்ணில் பட்டதோ என்னவோ, முஷ்டி ஒரு கணம் பிந்தித் திறந்துகொண்டது. பந்து வந்து இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் உட்கார்ந்தது. உட்கார்ந்தே இருந்தது. காலடி தரையில் பட்டபோது ஏமஸ் ஹாஸ்லம் கையில் பந்து இருந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு.

அவன் அதைப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி வேலிப்பக்கம் பார்த்தான். உதடுகள் அசைந்தன.

'புடிச்சுட்டேன் புள்ள.'

அடுத்த கணம் அவன் ஓட ஆரம்பித்திருந்தான். உள்ளங்கையில் பந்தைத் தட்டித் தட்டி, நெஞ்சை நிமிர்த்தி, முதலில் வந்தவனைத் தோளால் தள்ளி, இருபது வயதில் ஓடிய அதே ஓட்டம். கண் இன்னும் அவள்மேல்தான். அவளுக்கு அவன் முகமும் தெரிந்தது, அவன் கால்களுக்கு முன்னால் வெள்ளைக் கோடும் தெரிந்தது. அவள் வாயை அகலத் திறந்து கத்தினாள்: கோடு! ஏமஸ், கோடு!

ஒரு தோள் இடிக்க வந்ததால் அவன் அந்தக் கணம் முகத்தை அப்பால் திருப்பியிருந்தான். விசில் ஊதினபிறகுதான், பக்கத்திலிருந்த நெல்லி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்துத்தான், தன் தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை என்பது லெட்டிக்கு உறைத்தது. தறிக்கூடத்தில் கத்துகிற மாதிரி கத்தியிருக்கிறாள். வெறும் உதட்டால்.

அவன் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தான். நடுவர் விசிலோடு வந்து பந்துக்காகக் கை நீட்டியபோதுகூட அவனுக்குப் புரியவில்லை. பிறகு குனிந்து பின்னால் பார்த்தான், ஏதோ கீழே போட்டுவிட்டு வந்தவன் மாதிரி. கூட்டத்தில் ஒருவர் இருவர் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. யார்க்‌ஷயர்காரன் அடித்த பந்து பெர்ட் கிளெக்கின் முழங்காலில் பட்டுத் திரும்பி, கம்பத்தை உரசிக்கொண்டு உள்ளே போயிற்று.

ஏமஸ் அன்று திரும்பி நின்று பந்தைப் பார்த்தான். குனிந்து, இரண்டு முழங்கைகளாலும் அணைத்து எடுத்தான்.

மற்ற சனிக்கிழமைகளில் ஆட்டம் முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போய்விடுவான். அன்று போக முடியாது. எல்லோரோடும் அறைக்குள் போய், எல்லோரோடும் கதவு வழியாகத்தான் வெளியே வரவேண்டும். முற்றத்தில் பெண்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். தார்ன்பர் கறுப்புத் தொப்பியும் சங்கிலிக் கடிகாரமுமாக வந்து நின்றார். ஆட்டம் விட்ட கூட்டம், தெருக்கூட்டம் வேறு, ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காத இரைச்சல்.

நடுவில் ஆடும் இரண்டு பேர் வந்தார்கள், கை கிடைத்தது. ஒரு பையன் தலையாட்டு வாங்கிக்கொண்டு, சிரித்த முகத்தை மாற்றத் தெரியாமல் அப்படியே நடந்து போனான். பெர்ட் கிளெக்குக்குக் கை கிடைத்தது. தார்ன்பர் நெரித்த நெரிப்பில் பெர்ட் ஒரு காலைத் தூக்கிவிட்டான்.

"பாருக்கா, முழங்கால்ல பந்தை வாங்கி உள்ள விட்டவனுக்குக் கை குடுத்துட்டாரு" என்று நெல்லி சிரிக்கவும் அழவும் செய்தாள். பிறகு லெட்டியைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "கவலைப்படாதக்கா. ஒரு தப்பு. எல்லாரும் பண்றதுதானே? அண்ணன் எத்தனை வருஷம் நின்னிருக்காரு!"

லெட்டி குடையின் கைப்பிடியைச் சுட்டுவிரலாலும் நடுவிரலாலும் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். தான் அப்படிப் பிடித்திருப்பது அவளுக்குத் தெரியாது.

ஏமஸ் கடைசியாக வந்தான். கோட்டுப் பையில் வைத்து வலது கையைச் சூடாக்கிக்கொண்டு வந்தான். கழுத்துப் பொத்தான் கழன்றிருந்தது. கதவைத் தாண்டினதும் கையை வெளியே எடுத்தான். சமையலறையில் பழகினபடியே, இரண்டடி தூரத்திலேயே, முந்திக்கொண்டு, உள்ளங்கை நேராக, வால்ட்டர் சற்று முன்னால் போக, கையை நீட்டினான். ஒரு பிசகு இல்லை. அவ்வளவு கச்சிதமாக அவன் பழகியபோதுகூட நீட்டியதில்லை.

தார்ன்பர் கையைப் பார்க்கவே இல்லை. முகத்தைப் பார்த்தார். ஒரு தடவை தலையை ஆட்டினார். பிறகு கடிகாரத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற செயலாளர் பக்கம் திரும்பினார்.

கை அங்கேயே நின்றது. யாரும் வாங்கிக்கொள்ளாத கை, அத்தனை பேருக்கும் நடுவில், அந்த வெயிலில். வருஷக் கணக்காக ஒளித்துவைத்த விரல்களை முற்றமே பார்த்தது. சுவரோரத்துப் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. பெர்ட் கிளெக் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டான்.

ஏமஸ் மெல்ல உள்ளங்கையை மேல்பக்கமாகத் திருப்பினான். அப்படியே நீட்டிவைத்தபடி முகவாயைத் தூக்கி வானத்தைப் பார்த்தான். நீலமான, ஒரு மேகம்கூட இல்லாத வானம். பிறகு முற்றத்தின் அந்தக் கோடியில் நின்ற லெட்டியைப் பார்த்து வாயசைத்தான்.

'தூறுதா?'

லெட்டி குடையை விரித்தாள். விரித்த குடையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவனிடம் போய், நுனிக்காலில் எம்பி, அவன் தலைக்கு மேல் பிடித்தாள்.